கிரீச்சிடும் படகு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கும் முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் உங்க தம்பியை வேவு பார்ப்பதற்காக, ரிப்பேருக்குக் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் நுழைந்து படுத்தேன். படுத்தவள் தூங்கிவிட்டேன். திடுக்கென்று எழுந்ததில் நெற்றி பலகையில் இடித்து, இப்போது அங்கே ஒரு எலுமிச்சம்பழம் காய்த்திருக்கிறது. உங்க தம்பி பார்த்துவிட்டு, "எங்க விழுந்தே?" என்றார். "உங்க அழகுல மயங்கி விழுந்தேன்" என்றேன். "சரி சரி, மருந்து போடு" என்று போய்விட்டார். முன்பெல்லாம் இதற்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவோம்.

இங்கே நான் சுகம். உங்க தம்பி என்னைவிடச் சுகம். அந்த அதிகப்படி சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்க முழங்கால் எப்படி இருக்கிறது? கடை ஓடுகிறதா?

நீங்க இங்கே வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். இந்த மலைக் குடியிருப்பில் வாய்க்காலால் ஒன்றோடொன்று சேர்ந்த மூன்று ஏரி. இங்கே வீடு வாங்கினவர்களுக்கு மட்டும் சொந்தம். மோட்டார் கூடாது, பாட்டு கூடாது, பலமாகச் சிரிக்கவும் கூடாது. சும்மா துடுப்புப் போட்டுக்கொண்டு, மரத்தைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு போகணும். அதற்குத்தான் இவ்வளவு பணம் கொட்டி இங்கே வந்திருக்கிறார்கள். யாராவது சத்தம் போட்டால் படகில் போய்ப் பிடிப்பது உங்க தம்பி வேலை. படகு மெத்தைகளையும் மிதவைச் சட்டைகளையும் துவைத்துக் காயப்போடுவது என் வேலை. சத்தம் பிடிக்கிற மனுஷனுக்கு என்னைப் பெண்டாட்டியாக வாய்க்க வைத்தவன் பெரிய குறும்புக்காரன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாக வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் மேல் ஏரிக்குப் போகிறார். அங்கே நீல ஜன்னல் வீட்டில் ஒரு பியானோ டீச்சர் தனியாக இருக்கிறாள். படகு அவள் வீட்டுப் படிக்கட்டில்தான் கட்டிக் கிடக்கிறது. கேட்டால், "ரோந்து" என்கிறார். ரோந்து போகிறவர் தலை சீவிக்கொண்டா போவார்?

கல்யாணத்துக்கு முன்னால் இந்த மாதிரி ஏதாவது உண்டா அண்ணி? மறைக்காமல் எழுதுங்க. வாசல் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டேன். நீங்க எடுத்து, ஹலோ ஹலோ என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி பெண்டாட்டி


மார்ச் 14

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெற்றிக்கு ஐஸ் வை.

என் தம்பியை எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். காவல்காரன் படகை எங்கே கட்டினால் உனக்கென்ன?

கடையில் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறேன். பொத்தான், நூல் வாங்க வருகிறவர்கள் துணியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட வேண்டும். நான் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவேன். வளவளவென்று பேச்சுக் கிடையாது. நன்றாக இருக்கிறது.

போன் பண்ணாதே, லைன் சரியில்லை. கடிதமே போடு. உன் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் புரிகிறது.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

எலுமிச்சம்பழம் வற்றிவிட்டது. நான் மூணாங்கிளாஸோடு நின்றவள், கோழிக்கு இவ்வளவுதான் கிளற வரும். உங்க உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க.

இப்போது சாட்சி கிடைத்திருக்கிறது. துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஒரு அட்டை. அதில் குட்டிக் குட்டியாக வட்டமாய்ப் பளபளவென்று என்னமோ. உங்க கடைப் பொத்தானோ என்று பார்த்தால் ஓட்டையே இல்லை. ஆபீஸில் காட்டினேன், பேட்டரி என்றார்கள். உங்க தம்பி கட்டுவது சாவி கொடுக்கிற கடிகாரம். வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு விரல் தண்டி பேட்டரி. அப்படியானால் இந்தப் பொடி பேட்டரி போட்ட கடிகாரம் யார் கையில் ஏறியிருக்கிறது? எனக்கு இதுவரை ஒரு ரப்பர் வளையல்கூட வாங்கித் தந்ததில்லை.

இன்னொன்று. துடுப்பு மாட்டுகிற இரும்பு வளையத்துக்கு தினம் காலையில் கிரீஸ் தடவுவார், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. இப்போது அந்த டப்பாவைத் தொடுவதே இல்லை. படகு கிரீச் கிரீச்சென்று மூன்று ஏரிக்கும் கேட்கிறது. சத்தம் பிடிக்கிறவர் படகே சத்தம் போடுகிறது, மனுஷன் முகத்தில் ஒரு வெட்கம் இல்லை! ஆசை வந்தவருக்குக் கிரீஸா ஞாபகம் வரும்? எனக்கு ஒரு விதத்தில் சௌகரியம். கொடியில் மிதவைச் சட்டைகளுக்கு நடுவே நின்றபடி, எங்கே போகிறார், எங்கே திரும்புகிறார் என்று காதாலேயே பின்தொடர்கிறேன். கிரீச் சத்தம் எப்போதும் நீல ஜன்னல் பக்கம்தான் போய் நிற்கிறது.

போன குளிர்காலத்தில் உங்க வீட்டுக்கு ஒரு வாரம் வந்தாரே, அங்கே யாரைப் பார்த்தார்? எங்கே போனார்? வந்ததிலிருந்துதான் இந்தச் சிரிப்பு. நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார் அண்ணி. திட்டினாலும் சிரிக்கிறார். கட்டின பெண்டாட்டி திட்டும்போது சிரிக்கிற புருஷனை யார் நம்புவார்கள்?

உடனே எழுதுங்க.

தம்பி பெண்டாட்டி


ஏப்ரல் 19

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கடையில் வேலை. எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

அவன் வந்த வாரம் ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போனோம். மற்ற நாள் மழை. அவ்வளவுதான்.

பேட்டரி பற்றிக் கேட்டிருந்தாய். பேட்டரி எதற்காவது உதவும்.

அவனோடு சண்டை போடாதே. பேசும்போது முகத்துக்கு நேராக நின்று பேசு. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கொடியைப் பார்த்துக்கொண்டு பேசாதே. அது நல்ல பழக்கம் இல்லை.

ஊதா நிறப் பொத்தானுக்கு இந்த வருஷம் நல்ல கிராக்கி.

அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. பேட்டரி எதற்காவது உதவும் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப நன்றி. இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.

விளையாட்டை விடுகிறேன், இங்கே தலைக்கு மேல் வெள்ளம். போன சனிக்கிழமை சாயங்காலம் கீழ் ஏரியில் எவனோ ஒரு விருந்தாளி வீலென்று கீச்சிடுகிற மோட்டார் படகை விட்டு ஓட்டினான். கரையிலிருந்த நாய்கள் அத்தனையும் குரைத்தன. உங்க தம்பி கூப்பிடு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நாணல் அறுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், அதற்கும் திரும்பவில்லை. மோட்டார் ஓட்டினவன் யார் தெரியுமா? பியானோ அம்மாவுடைய அக்கா மகன்.

மறுநாள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் உதட்டில் விரல் வைப்பதால் அவருக்கு நான் உஷ்ஷ் ஐயா என்று பெயர் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவரே கத்தினார்.

"உங்க வீட்டுக்காரர் யாரைக் காப்பாத்தறார்? அவர் படகே கிரீச்சுங்குது, அதையும் பொறுத்துக்கிட்டோம். இது தெரிஞ்சே விட்டது!"

"ஐயா, கொஞ்சம் மெதுவா பேசுங்க, பக்கத்து வீட்டுல புகார் குடுத்துடுவாங்க" என்றேன்.

"இன்னொரு தடவை நடக்கட்டும். வேலையும் கிடையாது, இந்தப் படகுத்துறை வீடும் கிடையாது. சொல்லி வைங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். உங்க தம்பி முகம் வெளுத்துப்போனது. "நான் பாக்கல" என்றார். கண்ணால் பார்க்கவில்லை சரி, காதில் விழவில்லையா என்று கேட்டேன். எழுந்து படகுக்குப் போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்று சொல்ல வேண்டியதில்லை, கிரீச் சத்தம் சொல்லிற்று.

அந்தம்மாவுக்காக அக்கா மகனை விட்டுவிட்டார், அண்ணி. வேறென்ன நினைப்பது? இந்த வீடு போனால் எங்களுக்குப் போக்கிடம் எது? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுங்க.

தம்பி பெண்டாட்டி


மே 14

அண்ணிக்கு,

சுகமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது, அதற்கும் பதில் வராமல் போனால் என்ன செய்வது?

அக்காவும் தம்பியும் சேர்ந்து மறைக்கிறீர்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகம். போன் எடுப்பதில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை, பொத்தான் விலை மட்டும் வருகிறது. அவர் வந்த வாரத்தில் கடைத்தெருவுக்குப் போனது எந்தக் கடைக்கு?

நேற்று சூப் வைத்துக்கொண்டே, "நான் எங்கயாவது போயிடட்டுமா?" என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன், திரும்ப எனக்குத் தைரியமில்லை. பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

நான் ஜோக்கு சொல்லி ஒரு வாரம் ஆகிறது. எனக்கே என் வீடு அடையாளம் தெரியவில்லை.

தம்பி பெண்டாட்டி


மே 20

வாயாடிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே. அவன் உனக்குத் துரோகம் செய்யவில்லை, அதை மட்டும் என்னால் எழுத முடியும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் நீயே போய்ப் பார். படகு விடத் தெரியாது என்று சாக்குச் சொல்லாதே. உள்ளே போகாதே, ஜன்னல் போதும். கத்தாதே.

சௌக்கியமாக இரு. பேச்சை நிறுத்தாதே.

அண்ணி


மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

போனேன்.

பழைய படகு ஒன்றை எடுத்தேன். அதுவும் என்னைப் போலத்தான், நேராகப் போகத் தெரியாது. நாலு சுற்றுச் சுற்றி, நாணலில் இரண்டு தடவை முட்டி, ஒரு வழியாக நீல ஜன்னல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். துடுப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கினேன். எதற்கு என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்க தம்பி ஒரு நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தண்டனை கொடுத்த பையன் மாதிரி. அவருக்குப் பின்னால் தூரத்தில் அந்தம்மா பியானோ முன்னால். ஒரே ஒரு கட்டையை விரலால் அழுத்தினாள். உங்க தம்பி வலது கையைத் தூக்கினார். அடுத்த கட்டை. மறுபடி தூக்கினார். இப்படி ஒவ்வொன்றாக இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தாள், சத்தமும் கனத்திலிருந்து கீச்சுக்கு ஏறிக்கொண்டே போனது.

பாதியைத் தாண்டினதும் கை தாமதமாக எழுந்தது. அப்புறம் எழவில்லை. அந்தம்மா நிறுத்தாமல் அழுத்திக்கொண்டு போனாள். ஒவ்வொன்றும் ஜன்னலுக்கு வெளியே எனக்குக் கேட்டது அண்ணி. கடைசிக் கட்டை குருவி மூக்கால் கண்ணாடியைக் கொத்துவது மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்து அந்தம்மா எழுந்தே விட்டாள். உங்க தம்பி இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா வந்து தோளைத் தொட்டபிறகுதான் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து பொடியாக ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பேட்டரி எதற்கு உதவும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தாலும்...

அதை விடுங்க. வீட்டுக்கு வந்தேன், அவர் வந்தார், சாப்பிட்டோம். காலையில் அவர் எழும் முன்னால் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் இரண்டு வளையத்துக்கும் தடவிவிட்டு வந்தேன். தினம் தடவுகிறேன். உஷ்ஷ் ஐயாவுக்கு அந்த ஒரு குறையாவது இல்லாமல் போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இதற்கு மட்டும் பதில் எழுதுங்க. என் குரல் அந்தப் பியானோவில் எந்தப் பக்கம் வரும்? இடது பக்கமா, வலது பக்கமா?

தம்பி பெண்டாட்டி


ஜூன் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் குரல் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டால் எப்படிச் சொல்வேன்? இரண்டு வருஷமாகப் போனில் எனக்கு யார் குரலும் வருவதில்லை. நீ அன்றைக்கு அழுதாய் என்பதே கடிதம் படித்துத்தான் தெரிந்தது. லைனைக் குறை சொன்னேன், லைன் பாவம்.

எங்க அப்பாவுக்கும் இந்த வயசில்தான் வந்தது. அவன் குளிர்காலத்தில் வந்தது டாக்டரைப் பார்க்க. இரண்டு பேரும் சேர்ந்து போனோம், ஆளுக்கு ஒரு காது மிஷின் வாங்கினோம். நான் என்னுடையதை நூல் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன், கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று. அவன் அந்த டீச்சர் வீட்டில் மட்டும் மாட்டிக்கொள்கிறான், வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று. அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவ்வப்போது சோதிக்கச் சொன்னார் டாக்டர். மலையை விட்டு அடிக்கடி இறங்கி வர லீவு கிடையாது. அதற்கும், மிஷினில் கேட்டுப் பழகவும் அந்தம்மா தினம் உதவுகிறாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டேன். "அவளுக்குத் தெரிஞ்சா எனக்காகப் பேச்சைக் குறைச்சிடுவா அக்கா. எனக்குக் கேக்காட்டியும் பரவாயில்ல, அவ வாய் அசையறதைப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றான். அதற்குத்தான் சத்தியம் வாங்கினான். நீயோ ஒரு வாரம் ஜோக்கை நிறுத்தியிருக்கிறாய். பயந்திருப்பான்.

சத்தியத்தை இத்தோடு உடைத்துவிட்டேன். முழங்கால் சௌக்கியம்.

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க தம்பி சுகம். எனக்கு லேசாக ஜலதோஷம், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நூல் பெட்டியைத் திறந்து அந்த மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்புறம் இந்தக் கடிதத்தைப் படிங்க.

எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லும் முன்னால் அவரே கண்டுபிடித்துவிட்டார். காது போனால் என்ன, கை இருக்கிறதே. துடுப்பு முன்னைப்போல் கனக்காமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. வளையத்தைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டின கிரீஸோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"நீங்க சுவத்தைப் பாத்து உக்காந்த நாளா."

விரல் கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நீ பேசறதுல பாதி வருது. மீதியை நானே இட்டுக்கட்டிச் சிரிச்சுக்குவேன்" என்றார்.

"இட்டுக்கட்டினது நல்லா இருந்துச்சா?"

"உன்னோடதைவிட நல்லா இருந்துச்சு."

அண்ணி, நாலு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் முகத்துக்கு நேராக நின்று ஒரு முழுச் சண்டை போட்டோம். ஒரு வார்த்தை விடாமல் போய்ச் சேர்ந்தது. என் குரல் நடுவில்தானாம், கொஞ்சம் இடது பக்கம்.

மறுநாள் இரண்டு பேருமாக உஷ்ஷ் ஐயாவிடம் போனோம். உங்க தம்பியே சொன்னார், காது கேட்கவில்லை, அன்றைக்கு மோட்டார் கேட்கவில்லை என்று. சொல்லி முடிக்கும் வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"கேக்காதவரை வச்சு நான் எப்படிச் சத்தம் பிடிக்கறது?" என்றார் ஐயா.

"அவருக்குக் கை இருக்கு, எனக்குக் காது இருக்கு. சம்பளம் ஒண்ணு, ஆள் ரெண்டு. உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றேன்.

"உங்களுக்கு வாயும் இருக்கே!"

"அதை வீட்டுல பூட்டி வச்சுட்டு வர்றேன்."

பியானோ அம்மாவும் எங்களுக்காகப் பேசினாள், அக்கா மகனை மன்னிப்புக் கேட்கவும் வைத்தாள். நல்ல மனுஷி. அவள் கையில் கடிகாரமே இல்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். இந்த மலையிலேயே அதிகமாகச் சத்தம் போடுகிறவளைச் சத்தம் பிடிக்க வைத்திருக்கிறார்கள்.

எங்க ஏற்பாடு இது. அவர் முன்பக்கம் பார்த்துத் துடுப்புப் போடுவார், நான் அவர் முதுகுக்குப் பின்னால் படகின் வாலில் உட்காருவேன். இடது பக்கம் சத்தம் கேட்டால் இடது தோளில் ஒரு தட்டு. வலது பக்கம் என்றால் வலது தோள். நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு தோளும். தலையில் தட்டினால், நான் ஜோக்கு சொல்லியிருக்கிறேன், சிரிக்க வேண்டும். தட்டே விழாவிட்டால் எங்கேயும் சத்தம் இல்லை, நேராகப் போகலாம்.

திங்கட்கிழமை முதல் நாள். தண்ணீர் தெறித்துக் கெட்டுவிடும் என்று மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார். மேல் ஏரியில் நாணல் பக்கம் என்னமோ பாட்டு மாதிரி கேட்டது. தோளில் தட்டும் முன்னால் யார் என்று பார்த்துவிடலாமே என்று எழுந்து நின்றேன். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பது இங்கே முதல் விதி. விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான். கத்தினேன்.

தோளில் தட்டு விழவில்லை. அவர் நேராகப் போனார்.

துறைக்குப் போய்ப் படகைக் கட்டிவிட்டு, இறங்குவதற்கு எனக்குக் கை நீட்டியிருக்கிறார்.

மேல் ஏரியில் ஒரு பெண்பிள்ளை கத்தி அமைதியைக் கெடுப்பதாக மூன்று வீடுகளிலிருந்து புகார் வந்தது. விசாரிக்க எங்களைத்தான் அனுப்பினார்கள்.

தம்பி பெண்டாட்டி